டென்னிஸ் கூட்டத்தில் ஒரு முகம்

இது நடந்தது 2001-ஆம் ஆண்டு, புதுச்சேரியில் சாரம் பகுதியில். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு அந்த வருடப் பொங்கலை ஒட்டித்தான் பெயர் வைத்தோம்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அறுபதைத் தாண்டியவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிரான்சில் ஒரு மகன் இருக்கிறான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். ஆனால் அவன் வந்து யாரும் பார்த்ததில்லை. அவரும் யாரிடமும் ஒட்டமாட்டார். காலையில் ரொட்டி வாங்கப் போவார், வருவார். எதிரில் பார்த்தால் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான் பழக்கம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் ஒரு புகைச்சல் இருந்தது. அந்த நாட்டு பாஸ்போர்ட், அந்த நாட்டு பென்ஷன், இங்கே சொந்த வீடு. நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும்போது அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தாலே எனக்கு என்னவோ செய்யும். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டேவிஸ் கோப்பை என்று ஒரு டென்னிஸ் போட்டி உண்டு. நாடுகளுக்கிடையே ஆண்கள் அணியாக ஆடுவது. வருடம் முழுக்க விட்டுவிட்டு நடக்கும். பிப்ரவரியில் ஒரு சுற்று, ஏப்ரலில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று, கடைசியாக டிசம்பர் பிறக்கும்போது இறுதிச் சுற்று. ஒவ்வொன்றும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள், மொத்தம் ஐந்து ஆட்டம். அந்த வருடம் பிரான்ஸ் எல்லாச் சுற்றையும் வெளிநாட்டில் போய்த்தான் ஆடியது. பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, ஹாலந்து, கடைசியில் ஆஸ்திரேலியா. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். அப்போது எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான்.

அந்த மூன்று நாளும் அவர் வீட்டு டிவி அலறும். பந்து அடிக்கிற சத்தம்கூடப் பரவாயில்லை. நடுநடுவே கூட்டத்தில் யாரோ மேளம் அடிப்பார்கள், ட்ரம்பெட் ஊதுவார்கள். அது எங்கள் வீட்டுச் சுவரிலேயே வந்து இடிப்பது போலிருக்கும். பிப்ரவரியில் பொறுத்துக்கொண்டேன். ஏப்ரலில் ஒரு நாள் அவர் திடீரென்று கத்தியதும் கை தட்டியதும் கேட்டது. தூளியில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. நான் வெளியே போனேன். அவரும் ஏதோ சந்தோஷத்தில் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

"இங்க சோறு தின்னுக்கினு அந்த ஊருக்குக் கை தட்றீங்க. அவ்ளோ பாசம் இருந்தா அங்கயே போய் இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "மன்னிச்சுடுங்க தம்பி. சத்தத்தக் கம்மி பண்ணிக்கறேன்" என்று உள்ளே போனார். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். இரண்டு நாளாக நானும் மனைவியும் மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் காய்ச்சல் இறங்கி அது கண் அசந்தது. பக்கத்தில் படுத்தேன். ஒரு பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மேளச் சத்தம் ஆரம்பித்தது.

எழுந்து போய் அவர் வீட்டுக் கேட்டைத் தட்டினேன். கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. ஜன்னல் வழியாக அவர் பின்னந்தலை தெரிந்தது. டிவிக்கு மிகவும் பக்கத்தில், கிட்டத்தட்ட மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை. வேண்டுமென்றே அலட்சியம் செய்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கேபிள்காரர் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். அதிலிருந்து எங்களுக்கு ஒரு ஒயர், அவர் வீட்டுக்கு ஒரு ஒயர். நேராக மாடி ஏறினேன். அவருடைய ஒயரைத் திருகிப் பிடுங்கினேன். கீழே சத்தம் பட்டென்று நின்றது. மறுபடி வருகிறதா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, இறங்கி வந்து குழந்தை பக்கத்தில் படுத்துத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அவர் வந்து கேட்பார், சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மறுநாள் கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார். "காத்துல கழண்டிருக்கும் சார்" என்றார். நானும் ஆமாம் என்றேன். இரண்டு நாள் கழித்து அந்தச் சொல்தா எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மனைவியிடம், "கொழந்தைக்கு எப்படிம்மா இருக்கு? காய்ச்சல் விட்டுதா?" என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இடது கண்ணில் கட்டு. கண்புரை ஆபரேஷன் செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி, ஒரு ஒத்தாச வேணும். வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் காலைல எங்க வூட்டுல வந்து செத்த நேரம் டிவி பாக்க முடியுமா?"

எனக்குப் புரியவில்லை. நான் எதற்கு என்று கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். பதினேழு வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழு உடுப்பில், கழுத்தில் டிரம் மாட்டிக்கொண்டு நிற்கிறான். நெற்றியில் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு.

"என் மவன். இப்ப வயசு முப்பது ஆவப் போவுது. மூஞ்சி கொஞ்சம் மாறியிருக்கும். தழும்பு இருக்கும். இந்தக் கூப் தாவிஸ், அதான் டேவிஸ் கப்பு, எங்க நடந்தாலும் ஒரு கூட்டம் டீமு கூடவே போவும். நீலச் சட்ட போட்டுக்கினு, மேளம் அடிச்சிக்கினு. அதுல இவனும் போறான்னு என் தம்பி பொண்ணு பாரீஸ்லேர்ந்து போன்ல சொன்னா. பிப்ரவரில ஒரு தடவ பாத்தேன். ஏப்ரல்ல ரெண்டு தடவ காட்னான். இப்ப ஒரு கண்ணு கட்டியிருக்கு, இன்னொண்ணு சரியா தெரியல. உங்களுக்குத்தான் கண்ணு நல்லா தெரியுமே."

அதற்குமேல் நான் கேட்காமலே அவராகச் சொன்னார். மகன் தன்னைப் போல ராணுவத்தில் சேர வேண்டும் என்று அனுப்பி வைத்திருக்கிறார். அவன் ஆறே மாதத்தில் விட்டு வெளியே வந்துவிட்டான். அந்தக் கோபத்தில் போனிலேயே, இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லிவிட்டார். அவனும் முழிக்கவில்லை.

"மூஞ்சில முழிக்காதன்னு சொன்னது நாந்தானே தம்பி. அதான் அவன் மூஞ்சிய நான் இப்படிப் பாத்துக்கறேன்."

நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு மனைவி என் முகத்தைப் பார்த்தாள். ஒயர் விஷயம் அவளுக்கும் தெரியும். ஏப்ரலில் அவர் கத்தியதும் கை தட்டியதும் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆட்டம் ஆஸ்திரேலியாவில் என்பதால் நம் நேரத்துக்குக் காலையிலேயே நடந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். அவர் எனக்கு டிவிக்கு நேராக நாற்காலி போட்டுவிட்டு, என் வலது பக்கம் உட்கார்ந்தார். "இடது காதுதான் கொஞ்சம் கேக்கும் தம்பி. வலது காது பீரங்கிப் பக்கத்துல நின்னே போயிடுச்சு" என்றார். நான் கேட்டைத் தட்டிய அன்று அவர் ஏன் திரும்பவில்லை என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

எனக்கு டென்னிஸ் தெரியாது. பந்தைப் பார்க்கவும் இல்லை. ஆடுகிறவர்கள் பக்கம் மாறும்போதும் ஒரு புள்ளி முடியும்போதும் கேமரா கூட்டத்தைக் காட்டும். இரண்டு வினாடி, மூன்று வினாடி. அதற்குள் ஐம்பது முகங்கள். நீலச் சட்டைக் கூட்டம் ஒரு மூலையில் இருந்தது. மற்ற பக்கமெல்லாம் ஆஸ்திரேலியாக்காரர்களின் மஞ்சள். ஒவ்வொரு முறை நீலம் தெரியும்போதும் நான் நாற்காலி நுனிக்கு வருவேன். அவர் என் முகத்தையே பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

அன்று மேளத்தோடு கருத்த ஒருவன் ஒரு கணம் வந்தான். "இருங்க, இருங்க" என்றேன். அவர் எழுந்தே விட்டார். மறுபடி காட்டியபோது அது வேறு யாரோ. அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமையும் அப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் பிரான்ஸ் தோற்று, இரண்டுக்கு இரண்டு என்று ஆனது. ஐந்தாவது ஆட்டம்தான் கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யும். நீலக் கூட்டத்தை அடிக்கடி காட்ட ஆரம்பித்தார்கள். எனக்குக் கண் எரிந்தது. இமைத்தால் விட்டுவிடுவேனோ என்று இமைக்காமல் பார்த்தேன். கடைசியில் ஒருவர் மட்டையை எறிந்துவிட்டுப் புல்தரையில் விழுந்தார், மற்றவர்கள் ஓடிவந்து அவர்மேல் விழுந்தார்கள். நீலக் கூட்டத்தை நன்றாக, நிதானமாக, வரிசை வரிசையாகக் காட்டினார்கள். டிரம் அடிக்கிறவர்கள் நான்கு பேர். நான்கு பேருமே அவர் மகன் இல்லை.

"இருக்கானா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சாங்க?" என்றார்.

"பிரான்சுதாங்க."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரைப் பார்த்துத்தான் நான், அந்த ஊருக்குக் கை தட்டுகிறீர்களே என்று கேட்டிருந்தேன்.

"தூரம் ஜாஸ்தி. லீவு கெடச்சிருக்காது" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். பிறகு, "செப்டம்பர்ல ஹாலந்துல ஆடினப்ப போயிருப்பான். அன்னிக்குத்தான் கடைசி நாள் பாக்க முடியல" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு ஒயரப் புடுங்கினது நாந்தாங்க" என்றேன்.

அவர் டிவியை அணைத்தார். "தெரியும் தம்பி" என்றார்.

"படம் போனதும் ஒயரப் பாக்கலாம்னு எங்க மாடிக்கு வந்தேன். நீங்க பொட்டிகிட்ட நின்னுக்கினு இருந்தீங்க. முதுகு தெரிஞ்சுது. அப்படியே எறங்கிட்டேன்."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தப்பில்லையே என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவங்க அம்மா செத்தப்ப நான் அவனுக்குத் தந்தி குடுக்கல" என்றார் பிறகு. "கோவம். மூணு மாசம் கழிச்சு யாரோ சொல்லித்தான் அவனுக்குத் தெரிஞ்சுது. பெத்த புள்ளைக்கு நான் பண்ணினது அது. நீங்க கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு ஒயரக் கழட்டினீங்க. உங்கள நான் இன்னான்னு கேக்கறது?"

நான் அழுதுவிட்டேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு நான் கேட்ட ஒரே விஷயம், மகனுக்குக் கடிதம் போடுங்கள் என்பதுதான். அவன் விலாசம் தெரியாது என்றார். தம்பி மகளிடம் கேட்கலாமே என்றேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்து, "பெரிய போஸ்டாபீஸ்ல போட்டுடுங்க" என்றார். உள்ளே என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு பதில் வந்ததா என்று நானும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஆகஸ்டில் அவன் வந்தான். ஆட்டோவில் இருந்து இறங்கியதை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். புருவத்துக்கு மேல் தழும்பு அப்படியே இருந்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாதவர் போல அவன் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நாங்கள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து அப்பாவும் மகனுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தைக்கு ஒரு பொம்மை, சாக்லேட். மகன் நல்ல மாதிரி. நெடுநாள் பேசாத தமிழை ஞாபகப்படுத்திக்கொண்டு பேசினான். என் மனைவி காபி கொடுத்தாள். பேச்சு எப்படியோ அந்தப் போட்டிக்குப் போனது.

"போன வருஷம் செப்டம்பர்ல ஹாலந்துக்குப் போனேன் அண்ணே. அப்பா டிவியில என்னத் தேடறாருன்னு சித்தப்பா பொண்ணு சொல்லிச்சு. எனக்கு நம்பிக்கை இல்ல. சரின்னு ஒரு பெரிய அட்டையில தமிழ்ல 'அப்பா'ன்னு எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். ஞாயித்துக்கிழம கேமரா எங்க பக்கம் திரும்பறப்பல்லாம் டிரம்ம வெச்சிட்டு அதத் தூக்கிப் புடிச்சேன். அப்புறம் ரெண்டு மாசம் ஆச்சு. அப்பாகிட்டேர்ந்து ஒரு போன் இல்ல, லெட்டர் இல்ல. பாத்தும் பேசல, சரி, அவ்வளவுதான்னு விட்டுட்டேன். ஆஸ்திரேலியாவுக்கு அதனாலதான் போகல."

எனக்குக் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட வரவில்லை.

"கிறிஸ்துமசுக்கு அப்பா லெட்டர் வந்துச்சு. நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். செப்டம்பர்ல நான் எழுதிக் காட்டினதப் பாத்தீங்களான்னு. பாத்தேன், சந்தோஷத்துல ஒண்ணும் எழுத வரல, அதான் லேட்டுன்னு எழுதினாரு. அதுக்கப்புறம் எப்படி வராம இருக்கிறது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மகள் பிரிக்கத் தெரியாமல் வைத்திருந்த சாக்லேட்டை வாங்கிக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் ரொட்டி வாங்கப் போகும்போது கூடவே நடந்தேன். ஏன் அப்படி எழுதினீர்கள், என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உங்க பேர எழுதினா அவன் உங்கள வெறுப்பான். அதுல எனக்கு இன்னா லாபம்?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "அவன் தூக்கிப் புடிச்சது நெசம். நான் பாக்கணும்னு உக்காந்திருந்தது நெசம். நடுவுல ஒண்ணு வுட்டுப்போச்சு. அத நான் எழுதிச் சேத்துக்கினேன். நீங்க இனிமே இதப் பத்திப் பேசாதீங்க."

அதன் பிறகு மகன் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வந்தான். கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடும் வந்தான். அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் அவன்தான் இருந்தான். அவர் போய் இப்போது இரண்டு வருடமாகிறது. அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் பேசாதீர்கள் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பேசவில்லை. அதுதான் சரியா, அல்லது என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் வார்த்தையைப் பிடித்துக்கொண்டேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அந்த அட்டை அன்று உண்மையிலேயே டிவியில் வந்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. வராமலேகூடப் போயிருக்கலாம். அப்படி நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், முடிந்ததில்லை. யார்மேலாவது கோபம் வந்து கை நீளும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். அந்த ஒயரைப் பிடுங்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் யாருக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க எனக்கு ஒரு வருடம் முழுக்க நேரமிருந்தும் நான் கேட்கவில்லை.